உத்தரவு வேறு, உரிமை வேறு

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



அரசியலமைப்புச் சட்டம் தரும் உரிமைகளைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். அது டெல்லி விஷயம், வக்கீல் விஷயம் என்று நினைச்சிராதீங்க. நம்ம ஊர்ப் பெண்கள் அடிபட்டு உணர்ந்த விஷயம் அது.

இந்தப் பகுதி திருவிதாங்கூர் ராஜ்யத்தில் இருந்த காலத்தில், நாடார் பெண்களும், தாழ்த்தி வைக்கப்பட்ட மற்ற சாதிப் பெண்களும் தோள்சீலை போடக் கூடாது. போட்டவர்களின் சீலையைச் சந்தையிலும் வழியிலும் கிழித்தார்கள். 1829இல் வந்த அரசாணையும் தோள்சீலை கூடாது என்றே சொன்னது. பெண்கள் விடவில்லை. 1859 ஜூலை 26 அன்று மகாராஜா உத்திரம் திருநாள் அனுமதி கொடுத்தார். அதிலும் ஒரு நிபந்தனை: மேல்சாதிப் பெண்கள் உடுத்துவது போல உடுத்தக் கூடாது! கொடுக்கிறவர் கையில்தான் பிடி இருந்தது.

1950 ஜனவரி 26 அன்று அந்தப் பிடி போனது. சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்கிறது பிரிவு 14. சாதி, மதம், பாலினம் பார்த்து அரசு பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது பிரிவு 15. உயிருக்கும் தனிமனித சுதந்திரத்துக்கும் காவல் பிரிவு 21. இதை எழுதிய சபையில் திருவிதாங்கூரைச் சேர்ந்த அன்னி மஸ்கரீன் என்ற பெண்ணும் இருந்தார்.

நம்ம குழு விதியை ஊக்குநர் ஒருத்தர் நினைச்சா மாத்த முடியுமா? தீர்மானப் புத்தகத்துல எல்லாரும் கையெழுத்துப் போடணும்லா? அதே மாதிரி, அடிப்படை உரிமைக்கு எதிராக அரசே சட்டம் போட்டாலும் அது செல்லாது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கோ, நேராக உச்ச நீதிமன்றத்துக்கோ போகலாம்.

போன வருஷம் ஒரு உறுப்பினரை, கொடுக்கல் வாங்கல் தகராறில், ராத்திரி எட்டு மணிக்கு ஒரு ஸ்டேஷனில் இருந்து போனில் கூப்பிட்டார்கள். அவள் அழுதுகொண்டே கிளம்பிவிட்டாள். நாங்கள் நாலு பேர் கூடப் போனோம். "எழுத்துல நோட்டீஸ் தாங்க சார், காலையில வக்கீலோட வாரோம்" என்றோம். அனுப்பிவிட்டார்கள்.

ஆகவே மூன்றை மனசில் வையுங்கள். கைது செய்தால் காரணம் சொல்ல வேண்டும், வக்கீலைப் பார்க்க விட வேண்டும், பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். இது பிரிவு 22. சூரியன் மறைந்து மறுநாள் உதிக்கும் வரை பெண்ணைக் கைது செய்யக் கூடாது. தவிர்க்க முடியாவிட்டால் மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதியும் பெண் அதிகாரியும் வேண்டும். சாட்சியாக விசாரிப்பதானால் பெண் இருக்கும் வீட்டுக்குத்தான் போலீஸ் வர வேண்டும்.

வக்கீலுக்குக் காசு இல்லையே என்று தயங்க வேண்டாம். 1987ஆம் வருஷச் சட்டப்படி, வருமானம் எவ்வளவானாலும் பெண்களுக்குச் சட்ட உதவி இலவசம். நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணை உங்கள் தீர்மானப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் இன்றைக்கே எழுதி வையுங்கள்.