பழவேற்காட்டில், பூநாரை தவிர

பழவேற்காடு என்றதும் உங்களில் பாதிப் பேர் டச்சுக் கல்லறைக்குப் போயிருப்பீர்கள். மீதிப் பேர் பூநாரையைத் தேடுவீர்கள். அவை எங்கும் போய்விடாது. இன்று என்னோடு ஏரியின் மேற்குக் கரைக்கு, அண்ணாமலைச்சேரிப் பக்கம் வாருங்கள். தை, மாசியில் தண்ணீர் இறங்கி, சேறு வெளியே தெரியும் காலை நேரமாக இருக்கட்டும்.

கரையோரச் சேறு லேசாக நகர்கிறதா? கண்ணைத் துடைக்க வேண்டாம். அது கொசு உள்ளான் என்ற குட்டிப் பறவைகளின் கூட்டம். ஒன்றின் எடை சுமார் 25 கிராம்; மூன்று பத்து ரூபாய் நாணயம் என்று வைத்துக்கொள்ளுங்களேன். வடதுருவத்தை ஒட்டி, மரமே முளைக்காத துந்திரா வெளியில் பொரிந்து வந்த உயிர். அதிலும் பெரியவை முன்னாலேயே கிளம்பிவிடும். அந்த வருஷத்துக் குஞ்சுகள் பிறகு தாமாகவே வழி கண்டு வரும். என்னையெல்லாம் வீட்டில் தனியாகப் பொன்னேரி பஸ்ஸில்கூட ஏற்றிவிட்டதில்லை!

கொஞ்சம் தள்ளி, முழங்கால் வரை தண்ணீரில் நிற்பது மூக்கன். அந்த நீள அலகின் நுனியில் தொடு உணர்ச்சி அதிகம். சேற்றுக்குள் புழுவைப் பார்க்கவா முடியும்? தடவித்தான் கண்டுபிடிக்கும். அலகு முழுக்கப் புதைந்திருக்கும்போதே நுனியை மட்டும் திறந்து கவ்விவிடும்.

தடவுவது என்றதும் நினைவுக்கு வருகிறது. இதே ஏரியில் இருளர் பெண்கள் இறால் பிடிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? வலை கிடையாது, தூண்டில் கிடையாது. பனையோலைப் பறியைப் பல்லால் கவ்விக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, இரண்டு கையாலும் அடிச்சேற்றைத் துழாவிப் போவார்கள். விரலில் இறால் பட்டதும் அப்படியே எடுத்துப் பறிக்குள் போடுவார்கள். வாயில் பறி இருக்கிறதே, பேச்சே இருக்காது என்றுதான் நினைத்தேன். பல்லிடுக்கிலேயே ஊர்க்கதை ஓடுகிறது, சிரிப்பும் சேர்த்து! மணிக்கணக்கில் நீரில் நின்று விரல்கள் வெளுத்து ஊறிப்போயிருக்கும். ஒரு பெண்மணி பறியைச் சாய்த்துக் காட்டினார். அடியில் ஒரு பிடி இறால், அதற்கு நடுவே கோபமாக ஒரு நண்டு.

அட, மூக்கனை விட்டுவிட்டேனே. பங்குனியில் போனால் அதன் கழுத்தும் மார்பும் செங்கல் நிறத்துக்கு மாறத் தொடங்கியிருக்கும். ஊருக்குப் புறப்படப் புதுச்சட்டை! ஆனால் வெயில் பொல்லாதது, கரையில் நிழலும் குறைவு. தொப்பி, தண்ணீர் இரண்டையும் மறக்காதீர்கள். அருகில் போய்ப் பறவைகளைக் கிளப்பிவிடவும் வேண்டாம். நீண்ட பயணத்துக்காகத் தின்று கொழுக்கிற நேரம் அது.