எண்ணெய்ப் பில்டர் வாங்கும் விஷயம்

(தோட்டக் கிளைக் கூட்டமொன்றில் ஓய்வு பெற்ற பிட்டர் ஒருவர் நிகழ்த்திய பேச்சு)

 

சம்பளத்தைப் பற்றியும் வீட்டைப் பற்றியும் பேச வேண்டிய மேடையில், இஞ்சினுக்கு மாட்டும் எண்ணெய்ப் பில்டரைப் பற்றிப் பேச ஒரு கிழவனைக் கூப்பிட்டிருக்கிறார்களே என்று சிலர் நினைக்கலாம். ஆனால் இந்தச் சிறு டப்பா ஒரு தொழிலாளியின் சம்பளத்தையே பறிக்க இருந்ததை நான் கண்ணால் கண்டவன். கண்டவன் மாத்திரமல்ல, அந்தக் காரியத்தில் எனக்கும் பங்கு உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் பில்டர் என்ன வேலை செய்கிறது என்று பார்ப்போம். உங்களுக்கு அதை விளக்குவது சுலபம். தோட்டத்துப் பால் ஸ்டோருக்கு வந்ததும் என்ன செய்வார்கள்? பட்டை, இலை, தூசி எல்லாம் போக 40 கண் சல்லடையிலும் 60 கண் சல்லடையிலும் ஊற்றி வடிகட்டுவார்கள். இஞ்சினுக்குள்ளும் அதே கதைதான். மினியாக் ஈத்தாம் என்று நாம் சொல்லும் இஞ்சின் எண்ணெய் உள்ளே சுற்றி வரும்போது இரும்புத் துகளையும் கரியையும் மண்ணையும் அள்ளிக்கொண்டு வருகிறது. பம்பு அந்த எண்ணெயைப் பில்டருக்குள் தள்ளுகிறது. உள்ளே மடிப்பு மடிப்பாக வைத்த காகிதம் அழுக்கைப் பிடித்து நிறுத்துகிறது. 1923ஆம் ஆண்டில் அமெரிக்காவில் எர்னஸ்ட் ஸ்வீட்லாண்டு என்பவர் மோட்டார் வண்டிக்கு எண்ணெய்ப் பில்டரைச் செய்து காட்டினார். இன்று நாம் கையால் திருகி மாட்டிக் கழற்றும் டப்பாப் பில்டர் 1950களில் வந்தது.

ஸ்டோர்ச் சல்லடைக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் ஒரு கூறுக்கு மைக்ரோன் என்று பெயர். 60 கண் சல்லடையின் துவாரம் ஏறக்குறைய 250 மைக்ரோன். மனிதனுடைய தலைமுடியின் கனம் சுமார் 70 மைக்ரோன். நல்ல பில்டர் பிடிக்க வேண்டியதோ இருபது முப்பது மைக்ரோன் துகளை! ஏனென்றால் கிராங்குக்கும் பேரிங்குக்கும் நடுவே எண்ணெய் ஓடும் இடைவெளி தலைமுடியின் கனத்தைவிடக் குறைவாகவே இருக்கும். அதற்குள் ஒரு மணல் துகள் போய் உட்கார்ந்தால் என்னவாகும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இன்னொன்றும் கேளுங்கள். ஸ்டோரில் சல்லடை அடைத்துக்கொண்டால் பால் விளிம்பு வழியாக வழிந்து, வடிகட்டாமலே தொட்டியில் விழுகிறதல்லவா? பில்டருக்குள்ளும் அப்படி ஒரு வழி இருக்கிறது. பைபாஸ் வால்வு என்பார்கள். காகிதம் அடைத்துவிட்டால் அந்த வால்வு திறந்து, அழுக்கு எண்ணெயை அப்படியே இஞ்சினுக்கு அனுப்பும். சில இஞ்சின்களில் இந்த வால்வு டப்பாவில் இல்லாமல் இஞ்சினிலேயே இருக்கும். எண்ணெயே போகாமலிருப்பதற்கு அழுக்கு எண்ணெய் போவது மேல் என்று கணக்குப் போட்டு வைத்த ஏற்பாடு இது. ஆகையால் “பில்டரை மாற்றி இரண்டு வருஷமாச்சு, வண்டி ஒழுங்காத்தானே ஓடுது” என்று பேசுகிறவர் ஓட்டுவது பெரும்பாலும் பில்டரே இல்லாத வண்டி என்று வைத்துக்கொள்ளலாம்.

டப்பாவுக்குள் இன்னொரு சின்ன ரப்பர் வால்வும் உண்டு. வண்டி நிற்கும்போது எண்ணெய் முழுவதும் கீழே வடிந்துவிடாமல் அது தடுக்கிறது. மலிவான பில்டரில் இந்த ரப்பர் சீக்கிரம் விறைத்துப் போகும். விடியற்காலையில் வண்டியை எழுப்பியதும் சிவப்பு விளக்கு வழக்கத்தைவிட அதிக நேரம் எரிந்து, இஞ்சின் கடகடவென்று சத்தம் போட்டால், முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்த வால்வைத்தான்.

ரப்பர் என்றதும் நம் மரத்து ரப்பர் ஞாபகம் வரும். ஆனால் இந்த வேலைக்கு நம் மரத்து ரப்பர் உதவாது! எண்ணெய் பட்டால் ஊறி வீங்கிவிடும். பில்டரின் வளையத்துக்கு நைட்ரைல் என்ற செயற்கை ரப்பரைத்தான் உபயோகிக்கிறார்கள். வளையம் கெட்டுவிட்டது என்று பழைய டியூப்பைக் கத்தரித்து வளையம் செய்து போடும் வழக்கம் நம்மிடம் ஒரு காலத்தில் இருந்தது. இன்னும் யாராவது செய்தால் தயவு செய்து விட்டுவிடுங்கள்.

இனி என் கதைக்கு வருகிறேன். 1986ஆம் ஆண்டு. தோட்டத்தின் பெயர் வேண்டாம். அங்கே பட்டறையில் நான் இளம் பிட்டர். பால் ஏற்றும் லோரிக்குப் பில்டர் மாற்ற வேண்டிய நாள் வந்தது. வழக்கமாக வாங்கும் பில்டர் கிடைக்கவில்லை. டவுன் கடையில் “இதுவும் அதுவும் ஒன்றுதான்” என்று சொல்லி வேறொரு பில்டரைக் கொடுத்துவிட்டார்கள். பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே உயரம், அதே பருமன், வளையமும் அதே அளவு. திருகும்போது முதல் இரண்டு சுற்றில் சற்றே ஆட்டம் கொடுத்தது.

“அண்ணே, கொஞ்சம் லூசா இருக்கிற மாதிரி தெரியுது” என்றேன் டிரைவரிடம்.

“முறுக்கினா சரியாயிடும் தம்பி. பால் காத்துக்கிட்டிருக்கு” என்றார் அவர்.

முறுக்கினேன். வளையம் அமுங்கியதும் இறுகியது போல இருந்தது. லோரி போய்விட்டது.

மூன்று நாள் ஒன்றும் நடக்கவில்லை. நான்காம் நாள் தொட்டி நிறையப் பாலோடு மேட்டில் ஏறும்போது பில்டர் தெறித்துக் கழன்றது. சிவப்பு விளக்கு எரிந்தது. டிரைவர் அதைப் பார்த்தார். ஆலைக்கு இன்னும் இரண்டு கட்டைதான் இருக்கிறது, நின்றால் பால் கட்டிவிடுமே என்று ஓட்டினார். ஒரு கட்டை கூடப் போகவில்லை. இஞ்சின் ஜாம் ஆகிவிட்டது. இஞ்சினும் போயிற்று, பாலும் தொட்டியிலேயே கட்டிப் போயிற்று.

அந்த ஆட்டத்தின் காரணம் எனக்குப் பிறகுதான் விளங்கிற்று. அந்த இஞ்சினில் இருந்தது முக்கால் அங்குல மரை. அங்குலத்துக்கு 16 சுற்று. மில்லிமீட்டரில் சொன்னால் 19.05 பருமன். புதுப் பில்டரின் மரையோ 20 மில்லிமீட்டர், சுற்றுக்கு ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளி. இரண்டும் ஒன்றுக்கொன்று மிக நெருக்கம். 20 மில்லிமீட்டர் பில்டர் முக்கால் அங்குல முளையில் ஏறிக்கொள்ளும், இறுகியதாகவும் தோன்றும். ஆனால் மரையின் நுனி மாத்திரமே பிடித்துக்கொண்டிருக்கும். எண்ணெயின் அழுத்தம் ஏறும்போது கழன்றுவிடும். கடையில் “மாட்டுது, போடலாம்” என்பார்கள். மாட்டுவது வேறு, பொருந்துவது வேறு.

நிர்வாகம் என்ன செய்தது? விளக்கு எரிந்த பிறகும் ஓட்டியது டிரைவரின் குற்றம், ஆகவே ரிப்பேர்ச் செலவை மாதாமாதம் அவர் சம்பளத்தில் பிடிப்போம் என்றது. நான்கு பிள்ளைகளைப் பெற்ற மனிதர் அவர். நம் கிளையார் போனார்கள். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 24ஆம் பிரிவை எடுத்து மேசையில் வைத்தார்கள். சட்டம் அனுமதிக்கும் பிடித்தங்களைத் தவிர வேறு எதையும் முதலாளி சம்பளத்தில் கழிக்கக்கூடாது என்கிறது அந்தப் பிரிவு. இஞ்சின் கெட்டதற்காக இஷ்டப்படி பிடித்துக்கொள்ள அதில் இடமில்லை.

அதோடு இன்னொரு சாட்சியும் கிடைத்தது. ஸ்டோர்க் கிராணியார் ஒரு வழக்கம் வைத்திருந்தார். சாமான் வந்தால் பெட்டியின் மேலுள்ள நம்பரையும் புத்தகத்தில் எழுதுவார். பழைய பில்டரின் நம்பரும் புதியதன் நம்பரும் எதிரெதிரே அவர் கையெழுத்தில் இருந்தன. பில்டர் தவறானது என்பது அங்கேயே தெரிந்துவிட்டது. அந்தப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்ததற்காக அவருக்கு ஆபீசில் நல்ல பெயர் கிடைக்கவில்லை. இருந்தும் கொடுத்தார்.

விசாரணையில் என்னைக் கேட்டார்கள். மாட்டியவன் நான்தான், ஆட்டம் தெரிந்தும் விட்டுவிட்டேன் என்று ஒப்புக்கொண்டேன். எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. டிரைவரின் சம்பளத்தில் கை வைக்கவில்லை. ஆனால் அவரை நான்கு மாதம் லோரியிலிருந்து இறக்கி வேறு வேலையில் போட்டார்கள். அந்த நான்கு மாதமும் அவர் முகத்தை நேராகப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. அவர் ஒரு வார்த்தை என்னைச் சொன்னதில்லை.

ஆகவே பில்டர் வாங்கப் போகிறவர்கள் உயரத்தையும் பருமனையும் பார்த்து வாங்காதீர்கள். இஞ்சின் புத்தகத்தில் உள்ள நம்பரைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். வேறு கம்பெனிப் பில்டராயிருந்தால் அந்தக் கம்பெனியின் அட்டவணையில் உங்கள் இஞ்சினுக்குரிய நம்பரைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாவிட்டால் பணத்தைச் சட்டைப் பைக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். பெயர் பெற்ற கம்பெனிகளின் பில்டர் இருபது வெள்ளிக்குள்ளேயே பல வண்டிகளுக்குக் கிடைக்கிறது. அதில் ஐந்து வெள்ளி மிச்சம் பிடிப்பதைச் சிக்கனம் என்று நான் சொல்ல மாட்டேன்.

கள்ளச் சரக்கும் சந்தையில் உண்டு. பெட்டியில் எழுத்து மங்கி இருந்தால், எழுத்துப் பிழை இருந்தால், மரை வெட்டியதில் பிசிறு தெரிந்தால், வளையம் பள்ளத்தில் சரியாக உட்காராமல் இருந்தால் வாங்காதீர்கள். துவாரத்தின் வழியே விளக்கடித்துப் பாருங்கள். உள்ளே துரு இருக்கக் கூடாது. கனமாக இருந்தால் நல்லது என்பார்கள் சிலர். அதை நம்பாதீர்கள், தகரத்தைத் தடிப்பாக்கிக் காகிதத்தைக் குறைத்தாலும் கனமாகத்தான் இருக்கும். சொந்த உபயோகத்துக்கு வாங்கிய பொருளில் ஏமாற்றப்பட்டால் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. வழக்கறிஞர் வேண்டியதில்லை, ரசீது வேண்டும். ரசீது வாங்கும் பழக்கம் நமக்குக் குறைவு.

மாட்டும்போது கவனிக்க வேண்டியது கொஞ்சம்தான். பழைய வளையம் இஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அதன்மேல் புதிய வளையம் உட்கார்ந்தால் எண்ணெய் பீறிட்டு அடிக்கும். புது வளையத்தில் கொஞ்சம் எண்ணெய் தடவி, வளையம் தொட்ட பிறகு டப்பாவில் எழுதியிருக்கும் அளவுக்குக் கையால் திருகுங்கள். பெரும்பாலும் அது முக்கால் சுற்று. சங்கிலி போட்டு முறுக்குவது கழற்றுவதற்கு. சிவப்பு விளக்கு எரிந்தால் உடனே இஞ்சினை நிறுத்துங்கள். பால் கட்டினால் கட்டட்டும்.

மோட்டார் சைக்கிள்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஹோண்டா கப், இ.எக்ஸ். 5 போன்ற வண்டிகளில் காகிதப் பில்டரே கிடையாது! வலது பக்க மூடிக்குள் ஒரு கம்பிச் சல்லடையும், சுழன்று அழுக்கை ஓரத்துக்கு வீசும் ஒரு கிண்ணமும்தான் இருக்கின்றன. அதற்குப் பில்டர் மாற்றினேன் என்று யாராவது பணம் கேட்டால், எந்தப் பில்டர், காட்டு என்று கேளுங்கள். அந்தச் சல்லடையையும் கிண்ணத்தையும் எப்போதாவது மூடி திறந்து கழுவ வேண்டும். அதைச் செய்கிற கடைக்குக் கூலி கொடுப்பது நியாயம். அந்த வண்டிக்கு ஒரு லீட்டருக்கும் குறைவான எண்ணெய்தான் பிடிக்கும். இருட்டோடு கிளம்பி, நிரைக்கு நிரை நிறுத்தி நிறுத்தி ஓட்டினால் எண்ணெய் முழுச் சூடு ஏறாது. உள்ளே ஈரம் சேரும். ஆகவே கிலோமீட்டர் ஏறவில்லையே என்று காத்திராமல் மாதக் கணக்கு வைத்து மாற்றுங்கள். லோரிக்கு வாங்கிய எண்ணெயில் மிச்சத்தை மோட்டார் சைக்கிளில் ஊற்றாதீர்கள். கியர் வண்டியின் கிளட்ச் அதே எண்ணெயில்தான் ஊறுகிறது. டப்பாவில் ஜாசோ எம்.ஏ. என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

டீசல் எண்ணெய் இரண்டு நாளில் கறுத்துவிட்டது, பில்டர் மோசம் என்று சொல்லி இன்னொன்று விற்பார்கள். நம்ப வேண்டாம். டீசல் கரியின் துகள் மிகச் சிறியது. எந்தக் காகிதமும் அதை முழுதாகப் பிடிக்காது. மண் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். செம்மண் சாலைத் தூசி மூக்கு வழியாக, அதாவது காற்றுப் பில்டர் வழியாகத்தான் நுழைகிறது. அது கிழிந்திருந்தால் எண்ணெய்ப் பில்டரைப் பொன்னால் செய்து மாட்டினாலும் பிரயோஜனம் இல்லை.

கிராணிமார்களுக்கு என் வேண்டுகோள் ஒன்று. லோரிப் புத்தகத்தில் தேதி, ஓடிய தூரம், பில்டர் நம்பர், வாங்கிய கடை, மாட்டியவர் பெயர், இவ்வளவையும் எழுதிக் கையெழுத்து வாங்கி வையுங்கள். டிரைவர்களும் ஒரு நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அதோ அந்த மேசையில் மூன்று பழைய பில்டர்களை விளிம்போரமாக வெட்டித் திறந்து வைத்திருக்கிறேன். ரம்பத்தால் அறுக்கவில்லை, அறுத்தால் ரம்பத்தூள் கலந்துவிடும். பக்கத்தில் ஒரு காந்தமும் இருக்கிறது. ஒன்றின் காகித மடிப்பில் செம்பு நிறத்தில் மினுமினுப்பு தெரியும். அது பேரிங் தேய்ந்த பொடி. அந்த வண்டி யாருடையது என்று நான் சொல்லப் போவதில்லை. அவர் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். காப்பி குடித்துவிட்டு வந்து பாருங்கள்.