துணி போர்த்திய கட்டிடமும் அதைப் படமெடுத்தவர்களும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இங்கே பௌதிகம் படித்துவிட்டு, ஆவணப்பட எடிட்டிங் பக்கம் போனவன் நான். எங்கள் பேராசிரியருக்கு அதில் இன்றுவரை வருத்தம் உண்டு. செயலாளர் போனில் கூப்பிட்டு, "பசங்களுக்கு உபயோகமா ஏதாவது பேசுங்க, ஆனா அட்வைஸ் மட்டும் வேண்டாம்" என்றார். ஆகவே எனக்குப் பிடித்த சில படங்களைப் பற்றிப் பேசிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். மேடையில் துணுக்குகளைப் போட்டுக் காட்டினேன். இந்த மலரில் அதற்கு வழியில்லை, நீங்களே கற்பனை செய்துகொள்ள வேண்டியதுதான்.

பெர்லினில் ரைக்ஸ்டாக் என்ற பெரிய பாராளுமன்றக் கட்டிடம். 1894-இல் கட்டி முடித்தார்கள். 1933-இல் தீப்பிடித்தது; அந்தத் தீயைச் சாக்காக வைத்து ஹிட்லர் மக்களின் உரிமைகளைப் பறித்தார். 1945-இல் ரஷ்யச் சிப்பாய்கள் உள்ளே புகுந்து சுவரெல்லாம் தங்கள் பெயர்களைக் கிறுக்கினார்கள். பிறகு அதன் கிழக்குப் பக்கத்தை உரசிக்கொண்டு பெர்லின் சுவர் எழுந்தது. இவ்வளவையும் பார்த்த கட்டிடத்தைத் துணியால் போர்த்தப் போகிறேன் என்று கிறிஸ்டோ என்ற ஓவியரும் அவர் மனைவி ழான்-கிளோதும் 1971-இல் கிளம்பினார்கள். கிறிஸ்டோ பல்கேரியாவிலிருந்து தப்பி வந்தவர். இருவரும் பிறந்தது ஒரே நாள், 1935 ஜூன் 13. பொருத்தம் பார்க்கிறவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

அனுமதி மறுக்கப்பட்டது. 1977, 1981, 1987 என்று மூன்று தடவை. சுவர் விழுந்து நாடு ஒன்றான பிறகு, 1994 பிப்ரவரி 25 அன்று இதை ஜெர்மன் பாராளுமன்றமே விவாதித்தது. ஒரு கலைப் படைப்பைச் செய்யலாமா கூடாதா என்று எம்.பி.க்கள் உட்கார்ந்து ஓட்டுப் போட்டார்கள்! அன்றைய சான்சலர் கோலுக்கு இதில் விருப்பமில்லை. ஷாய்ப்ளே என்ற மூத்த தலைவர் எழுந்து, இது நாட்டின் சின்னம், இதை வைத்துச் சோதனை செய்யாதீர்கள், மக்கள் பிரிந்து போவார்கள் என்று வாதாடினார். சபாநாயகர் ரீட்டா ஸ்யூஸ்முத் அம்மையார் கலைஞர்கள் பக்கம். கடைசியில் ஆதரவு 292, எதிர்ப்பு 223. ஒன்பது பேர் இரண்டு பக்கமும் சேரவில்லை.

1995 ஜூன் 24-இல் வேலை முடிந்தது. ஒரு லட்சம் சதுர மீட்டர் வெள்ளி நிறத் துணி, 15 கிலோமீட்டருக்கு மேல் நீலக் கயிறு, மேலிருந்து தொங்கியபடி வேலை செய்ய 90 மலையேறும் வீரர்கள். பதினான்கு நாள்தான் வைத்திருந்தார்கள். ஐம்பது லட்சம் பேர் வந்தார்கள். சுற்றி நடந்தார்கள், துணியைத் தொட்டுப் பார்த்தார்கள், புல்வெளியிலேயே படுத்துக் கிடந்தார்கள். டிக்கெட் கிடையாது. விளம்பரதாரர் கிடையாது, தன் வரைபடங்களை விற்றே செலவு முழுவதையும் கிறிஸ்டோ சமாளித்தார். அப்புறம் அவிழ்த்துவிட்டார்கள். துணி மறுசுழற்சிக்குப் போனது.

இப்போது என் தொழிலுக்கு வருகிறேன். அவிழ்த்த பிறகு என்ன மிச்சம்? வரைபடங்கள், போட்டோக்கள், பிறகு படங்கள். ஹிஸ்ஸன் சகோதரர்கள் எடுத்த படத்துக்கு 'டெம் டாய்ச்சன் ஃபோல்க்கே' என்று பெயர். 'ஜெர்மன் மக்களுக்கு' என்று அர்த்தம். அந்தக் கட்டிடத்தின் நெற்றியிலேயே பொறித்திருக்கும் வாசகம். அதற்கு முன்பே அமெரிக்காவில் ஆல்பர்ட், டேவிட் மேஸல்ஸ் என்ற சகோதரர்கள் கிறிஸ்டோவின் வேலைகளை ஒவ்வொன்றாகத் தொடர்ந்து எடுத்து வந்தார்கள். பாரிஸில் 1607-ஆம் ஆண்டுப் பாலமான போன் நஃபை 1985-இல் போர்த்தியதை 'கிறிஸ்டோ இன் பாரிஸ்' படத்தில் பார்க்கலாம். அங்கே நடைபாதைக்கும் துணி விரித்திருந்தார்கள். ஜனங்கள் அதன் மேலேயே நடந்து ஆற்றைக் கடந்தார்கள். அதே படத்தில் ஓர் அகதி இளைஞனும் ஒரு ஜெனரலின் மகளும் காதலித்த கதையும் வந்துவிடுகிறது.

ஒரு வருத்தம் எனக்கு உண்டு. ஆரம்பப் படங்களின் தலைப்பில் அவர் பெயர் மட்டுமே இருக்கிறது. இருவர் பெயரும் சேர்ந்து வரவேண்டும் என்று அவர்கள் அறிவித்தது 1994-இல்தான். அனுமதிக்காக அலைந்து பேசி வாதாடிய அந்த அம்மா, படத்தில் இருக்கிறார், தலைப்பில் இல்லை.

எடிட்டராகச் சொல்கிறேன்: துணி இறங்குகிற காட்சியை யாரும் எடுத்துவிடலாம். அது தானாகவே அழகு. இந்தப் படங்களின் உயிர் கூட்ட அறைகளில் இருக்கிறது. ஒரு உதாரணம் போதும். கட்டிடம் அல்ல, வேலி. 1976-இல் கலிஃபோர்னியாவில் குன்றுகள் வழியாக 39 கிலோமீட்டருக்கு வெள்ளைத் துணி வேலி. நிலம் மாடு வளர்க்கும் பண்ணைக்காரர்களுடையது. பதினெட்டு பொது விசாரணைகள் நடந்தன. எதிர்ப்புக்காரர்கள், 'பதினைந்து நாளில் கழற்றிப் போடுவதெல்லாம் கலையா?' என்று கேட்கிறார்கள். அப்போது ஒரு பண்ணை வீட்டு அம்மா எழுந்து பேசுகிறார். நான் சில நாள் பாடுபட்டுச் சமைக்கிறேன், அது என் கணக்கில் கலைதான், என்ன ஆகிறது, சாப்பிட்டதும் மறைந்துபோகிறது என்கிறார். எந்த விமர்சகரும் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை. கேமரா அன்றைக்கு அந்த அறையில் இல்லாமல் போயிருந்தால் அந்தப் பேச்சு காற்றோடு போயிருக்கும்.

மேஸல்ஸ் சகோதரர்கள் கலைஞருக்கு நண்பர்கள்தானே, படம் எப்படி நடுநிலையாக இருக்கும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அவர்கள் மனசு எந்தப் பக்கம் என்று படத்தில் தெரிகிறது, மறைக்கவில்லை. ஆனால் எதிர்த்துப் பேசியவர்களைக் கேலிச் சித்திரமாக்கவில்லை. அவர்களையும் முழு வாக்கியம் பேச விட்டார்கள். என்னைக் கேட்டால், அந்த இடத்தில்தான் ஆவணப்படம் விளம்பரப் படத்திலிருந்து பிரிகிறது. நான் தொகுத்த படங்களில் காசு கொடுத்தவர்கள் எத்தனையோ முறை, "இந்த ஆள் குறை சொல்றாரே, வெட்டிடுங்க" என்றிருக்கிறார்கள். சில முறை சண்டை போட்டு வைத்தேன், சில முறை வேலையை விட்டு வந்தேன்.

இதையெல்லாம் ஏன் இங்கே சொல்கிறேன்? நம் பழைய கூட்ட மண்டபத்தைப் பழுது பார்க்க மூடுவதற்கு முன், ஒரு வாரம் மாணவர்கள் அதற்குள் ஒலி ஒளிக் காட்சி அமைக்கக் கேட்டிருக்கிறார்கள். எதிரொலி, பழைய பரீட்சை மணி, விடுதிப் பையன்களின் குரல் எல்லாம் சுவருக்குள்ளிருந்து வருமாம். நம்மில் சிலருக்குக் கோபம். "நாம பட்டம் வாங்கின இடம், அதுல விளையாட்டா?" என்று மதியச் சாப்பாட்டில் என் பக்கத்திலேயே ஒரு சீனியர் சொன்னார். ஷாய்ப்ளே பேசியதும் ஏறக்குறைய இதுதான். அவர் பேச்சில் அக்கறை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. சீனியருடைய கோபத்திலும் அதே அக்கறைதான். நான் மாணவர்கள் பக்கம். மூடிய மண்டபத்தை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், ஒரு வாரம் உள்ளே நடந்தவர்கள் பார்ப்பார்கள். ரைக்ஸ்டாக்கும் அவிழ்த்த பிறகு புதுப்பிக்கப்பட்டு, 1999-இல் கண்ணாடிக் கூரையோடு திறக்கப்பட்டது. மறுபடியும் பாராளுமன்றம் ஆனது. போர்த்தியதால் அதன் மரியாதை குறைந்ததாகத் தெரியவில்லை.

ஆனால் தம்பி தங்கைகளே, காட்சியை மட்டும் எடுக்காதீர்கள். உங்கள் செல்போனில் அது நன்றாகவே வரும். வேண்டாம் என்கிறவரிடம் போய் உட்காருங்கள். மண்டபத்து வாட்ச்மேனைக் கேளுங்கள். முதல்வர் அனுமதிக் கடிதத்தைப் படிக்கும்போது அவர் முகத்தைப் பாருங்கள். (முதல்வர் மன்னிக்கவும்.) அடுத்த மாதம் நிர்வாகக்குழு இதை முடிவு செய்யப் போகிறது. அன்றைக்கு மூலையில் ஒரு கேமராவை வைக்கச் செயலாளரிடம் கேட்டிருக்கிறேன், சரி என்றிருக்கிறார். எதிர்த்துப் பேசப் போகிறவர்கள் மட்டும் தயவுசெய்து மைக்குக்குக் கொஞ்சம் பக்கத்தில் உட்காருங்கள்.