டிக் அடிக்கும் முன்...

(தூத்துக்குடியில் நடந்த கல்வி வழிகாட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

  

துறைமுகத்தில் சரக்கு ஏற்றுகிறவர்களுக்குப் பில் ஆஃப் லேடிங் தெரியும். முன்பக்கம் பெரிய எழுத்து. பின்பக்கம் எறும்பு ஊர்ந்ததுபோல் நிபந்தனைகள். சரக்கு நனைந்த பிறகுதான் பலர் பின்பக்கத்தைத் திருப்புகிறார்கள். நம் பிள்ளைகளின் படிப்பும் இன்று அப்படி ஆகிவிட்டது. ஆன்லைன் பட்டப்படிப்புக்கு ஆள் சேர்க்கும் வேலையைச் சில பல்கலைக்கழகங்கள் தனியார் கம்பெனிகளிடம் விட்டுவிட்டன. "நிபந்தனைகளை ஏற்கிறேன்" என்ற கட்டத்தில் பிள்ளை டிக் அடிக்கிறான். உள்ளே என்ன இருக்கும்? கட்டிய பணம் எந்நிலையிலும் திரும்பாது. விதிகளைக் கம்பெனி நினைத்தபோது மாற்றும். வழக்கென்றால் கம்பெனி இருக்கும் ஊருக்கு நாம் போகவேண்டும். இது நியாயமா?

இதைவிடக் கொடுமை தவணை. "வட்டியில்லாத் தவணை" என்பார்கள். பல இடங்களில் நாம் சம்மதம் கொடுப்பது ஒரு நிதி நிறுவனத்தின் கடன் ஒப்பந்தத்துக்கு! படிப்பை விட்டாலும் கடன் விடாது. வட்டிக்கு அஞ்சி வங்கிக் கடன் பக்கமே போகாத வாப்பா, மகனின் செல்போன் வழியாகக் கடனாளி ஆகிறார்.

கடனை எழுதிக்கொள்ளச் சொல்லும் அல்பகரா 282ஆம் வசனம்தான் திருமறையிலேயே நீளமானது. வாசகத்தைச் சொல்லவேண்டியவர் கடன்படுபவர் என்கிறது அது. இங்கோ கொடுப்பவன் எழுதுகிறான். நாம் படிப்பதுகூட இல்லை. இந்தக் கரையில் முத்துக்குளித்த காலத்தில் சிப்பியில் பெரும்பங்கை வெள்ளைக்கார சர்க்கார் எடுத்துக்கொண்டது. அநியாயம்தான். ஆனால் தன் பங்கு எவ்வளவு என்பது மூழ்குமுன்பே குளிப்பவருக்குத் தெரியும்.

டிக் அடித்துவிட்டால் எல்லாம் முடிந்ததா? இல்லை. பலம் சமமில்லாத இடத்தில் திணிக்கப்பட்ட அநியாய ஷரத்து செல்லாது என்று மத்திய உள்நாட்டு நீர்ப்போக்குவரத்துக் கழக வழக்கில் 1986லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் "நியாயமற்ற ஒப்பந்தம்" என்பதைத் தனியே வரையறுக்கிறது. நாம் வசிக்கும் இடத்தை வைத்தே வழக்கிடவும் அனுமதிக்கிறது. பல்கலைக்கழகங்கள் இச்சட்டத்தில் வருமா என்பதில் வழக்குப் பூசல் உண்டு. அதனால் இடைத்தரகுக் கம்பெனியையும் நிதி நிறுவனத்தையும் எதிர்மனுதாரராகச் சேர்க்க மறக்காதீர்கள்.

பல்கலைக்கழகத்துக்குக் கட்டிய பணம் வேறு கதை. அதற்கு யுஜிசி இருக்கிறது. 2024-25ஆம் கல்வியாண்டில் செப்டம்பர் 30க்குள் விலகியவருக்கு முழுக் கட்டணமும், அக்டோபர் 31க்குள் விலகியவருக்கு 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்காமல் மீதியும் தரவேண்டும் என்றது. அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக்கூடாது என்பது 2018 உத்தரவு. தொலைதூர, ஆன்லைன் படிப்புகளைத் தனியார் கம்பெனிக்குப் பிரான்சைஸ் கொடுக்க அனுமதியே இல்லை என்று 2022 ஜனவரியில் எச்சரித்ததும் யுஜிசிதான். எத்தனை வாப்பாமார்களுக்கு இது தெரியும்?

கடைக்கணக்கை ஒரு பைசா விடாமல் பார்க்கும் நம் வியாபாரிகள், மகனின் சேர்க்கைப் படிவத்தை பிரவுசிங் சென்டர் பையனிடம் விட்டுவிடுகிறார்கள்! அந்த நிபந்தனைப் பக்கத்தை அச்செடுத்து வையுங்கள். பணத்தைப் பல்கலைக்கழகத்தின் கணக்கிலேயே கட்டுங்கள். தகராறு வந்தால் 1915க்குப் போன் செய்யுங்கள், தமிழிலேயே பேசலாம். நியாயமற்ற ஒப்பந்த வழக்கை மாவட்ட ஆணையம் எடுக்காது, மாநில ஆணையம்தான். அதற்கும் சென்னை வரை போகவேண்டாம். மதுரையில் கிளை இருக்கிறது.