முகப்பருவும் ஒரு நோட்டும்



கோலார் தங்கவயல் சுரங்கம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. அதன்பிறகு ஊரிகத்திலும் சுற்றுப்புறத்திலும் உள்ள பலர் பெங்களூருக்கு ரயிலில் வேலைக்குப் போகிறார்கள். விடியும் முன்பே ரயில் ஏறுகிறார்கள். இருட்டிய பிறகுதான் லைன் வீட்டுக்குத் திரும்புகிறார்கள்.

இவர்களில் இளம் பெண்களும் வாலிபர்களும் உண்டு. சிலருக்கு முகத்தில் பரு இருக்கிறது. பரு அடங்கினாலும் கருப்புத் தழும்பு நிற்கிறது. பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் வீட்டில் கவலை. உடனே கடைக்குப் போய், "முகம் சீக்கிரம் வெளுக்க ஒரு கிரீம் கொடுங்கள்" என்று கேட்கிறார்கள். ஆபத்து இங்கேதான் தொடங்குகிறது.

பரு ஏன் வருகிறது? நம் தோலில் சின்னச் சின்னத் துளைகள் உள்ளன. அவற்றின் வழியாக எண்ணெய்ப் பசை வெளியே வருகிறது. வாலிப வயதில் இந்தப் பசை அதிகம் சுரக்கும். துளை அடைபட்டால் உள்ளே கிருமி பெருகும். தோல் சிவந்து வீங்கும். அதுதான் பரு.

சயனைடு மண்மேட்டுத் தூசியால்தான் பரு வருகிறது என்று சிலர் நினைக்கலாம். அது சரியல்ல. பரு அழுக்கால் வருவதில்லை. ஒட்டுவாரொட்டியும் அல்ல. தேய்த்துத் தேய்த்துக் கழுவினால் தோல்தான் புண்ணாகும். காலை ஒரு முறை, இரவு ஒரு முறை மென்மையாகக் கழுவினால் போதும். பருவைக் கிள்ளக் கூடாது. கிள்ளினால் தழும்பு விழும். பற்பசை, எலுமிச்சைச் சாறு பூசவும் கூடாது.

தழும்பு இரண்டு வகை. ஒன்று, கருப்புக் கறை. புதிய பரு வராமல் தடுத்து, வெயில் படாமல் பார்த்துக்கொண்டால் இது சில மாதங்களில் மெல்ல மங்கும். மற்றொன்று, குழி விழுந்த தழும்பு. இது கிரீம் பூசி நிரம்பாது. இதற்குத் தோல் மருத்துவரிடம் வேறு சிகிச்சை உண்டு.

பருவுக்கு நல்ல மருந்துகள் இருக்கின்றன. பென்சாயில் பெராக்சைடு ஒன்று. அடாபலீன் மற்றொன்று. மருத்துவரைக் கேட்டே பூச வேண்டும். முகம் முழுவதற்கும் பட்டாணி அளவு போதும். பலன் தெரிய 2 முதல் 3 மாதம் ஆகும். கர்ப்பிணிகள் அடாபலீன் பூசக் கூடாது. கர்ப்பமாக இருந்தால் முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

இனி அந்த "சீக்கிரம் வெளுக்கும்" கிரீமைப் பார்ப்போம். இப்படி விற்கும் சிலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. பெட்டாமெத்தசோன், மொமெட்டசோன், குளோபெட்டசால் என்பவை அதன் பெயர்கள். முதலில் முகம் பளபளக்கும். போகப்போகத் தோல் மெலியும், சிவக்கும். பரு இன்னும் அதிகமாகும். நிறுத்தினால் எரியும். அதனால் மறுபடியும் பூசுவார்கள். இது ஒரு வலை. 2018-ல் மத்திய அரசு இத்தகைய பல கிரீம்களை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று ஆணையிட்டது. ஏற்கெனவே பூசி வருபவர்கள் மருத்துவரைக் கேட்டு நிறுத்துவது நல்லது.

சில வெளுப்புக் கிரீம்களில் பாதரசமும் இருக்கிறது. அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். தயாரித்தவர் பெயரும் முகவரியும் இல்லாத டப்பாவை வாங்காதீர்கள்.

நீங்கள் இப்போது எழுதப் படிக்கக் கற்றவர்கள். அந்தக் கல்வி இங்கே கைகொடுக்கும். ஒரு சின்ன நோட்டு எடுங்கள். தினமும் இரவில் இப்படி எழுதுங்கள்:

மார்ச் 3. காலை முகம் கழுவினேன். இரவு மருந்து பூசினேன். எரிச்சல் இல்லை. புதிய பரு 4.

மார்ச் 4. ரயில் தாமதம். மருந்து பூசவில்லை. புதிய பரு 1.

பூசாத நாளையும் மறைக்காமல் எழுத வேண்டும். மருந்தின் பெயர், வாங்கிய தேதி, விலை ஆகியவற்றை முதல் பக்கத்தில் எழுதுங்கள். பெயர் புரியாவிட்டால் கடைக்காரரைக் கேட்டு எழுதுங்கள். டப்பாவில் காலாவதித் தேதி எண்ணில் இருக்கும். அதை நீங்களே படிக்கலாம்.

இந்த நோட்டால் என்ன லாபம்? பத்தே நாளில் "பலனில்லை" என்று மருந்தை மாற்றத் தோன்றாது. மாதக் கடைசியில் எண்ணிப் பார்த்தால் பரு குறைகிறதா என்று தெரியும். கிரீமுக்குச் செலவான பணமும் தெரியும். மருத்துவர் கேட்டால் நினைவைத் தேட வேண்டாம். நோட்டைக் காட்டலாம்.

பெரிய வலியுள்ள கட்டி வந்தாலோ, குழி விழத் தொடங்கினாலோ, 3 மாதம் ஆகியும் குறையாவிட்டாலோ காத்திருக்காதீர்கள். ராபர்ட்சன்பேட்டை அரசு மருத்துவமனைக்குப் போய்க் கேளுங்கள். போகும்போது நோட்டையும், பூசிய கிரீம் டப்பாவையும் எடுத்துச் செல்லுங்கள்.

உங்கள் வீட்டில் யாராவது முகத்துக்குக் கிரீம் பூசுகிறார்களா? இன்றிரவே அந்த டப்பாவை எடுத்து, அதில் இருக்கும் பெயரைப் படித்துப் பாருங்கள்.