ஆயிரம் உறைகள், கொஞ்சம் பசை

பழைய ரெக்கார்டு தேடி அலையுறவங்களுக்காக இன்னிக்கு ஒரு கதை.

1980, அமெரிக்காவின் வாஷிங்டன் டி.சி. டீன் ஐடில்ஸ்னு ஒரு பங்க் பேண்ட். டீன் ஏஜ் பசங்க. கச்சேரியில கிடைச்ச காசை யாரும் தொடாம மொத்தமாச் சேர்த்து வச்சாங்க. ஒரே வருஷம்தான், பேண்ட் கலைஞ்சிருச்சு.

காசை என்ன பண்றது? ஆளுக்குக் கொஞ்சம் பிரிச்சிருக்கலாம். பிரிக்கலை. ஏற்கெனவே பதிவு பண்ணின பாட்டுகளை ஏழு இன்ச் ரெக்கார்டா 1,000 பிரதி போட்டாங்க. டிஸ்கார்ட் ரெக்கார்ட்ஸ் பிறந்தது அப்படித்தான். உறையைக்கூட நண்பர்கள் கூடி உட்கார்ந்து, கையாலேயே வெட்டி, மடிச்சு, பசை தடவி ஒட்டினாங்க.

அந்தப் பாட்டுகள் பின்னாடி தொகுப்பாவும் வந்துருச்சு. கேட்கணும்னா பழைய பிரதி தேவையே இல்லை. ஆனாலும் செகண்ட் ஹேண்ட் பெட்டிகள்ல தூசி தட்டித் தேடுறாங்க. ஏன்? அந்த மடிப்புல யாரோ ஒரு நண்பனோட கை இருக்கு. அது தொகுப்புல வராது.

காலேஜ்ல எங்களுக்கும் ஒரு பேண்ட் இருந்துச்சு. கலைஞ்சப்போ ஆம்ப்ளிஃபயரை வித்து நாலு பேரும் காசைப் பிரிச்சுக்கிட்டோம். அது எதுல செலவாச்சுன்னே ஞாபகம் இல்லை. எங்க பாட்டு ஒண்ணுகூட என்கிட்ட இல்லை.

இந்த எபிசோடுக்குத் தயாராகும்போது, ரொம்ப நாளாப் பேசாத எங்க டிரம்மருக்கு போன் பண்ணேன். "ரிஹர்சல்ல எடுத்த வீடியோ ஏதாவது இருக்காடா?"

"பழைய போன்ல இருக்கும். தேடுறேன். நீ வீட்டுக்கு வா"ன்னான்.

ஞாயிற்றுக்கிழமை போறேன். கிடைச்சா அடுத்த எபிசோடுல போடுறேன்.