சட்டங்கள் பல, நேர்மை ஒன்றே!

(கல்முனையில் சட்டத்தரணிகள் கூடிய அவையில் ஆற்றிய உரை)

  

கல்முனையில் கறுப்பங்கி அணிபவர் ஒரே சட்டத்தைக் கற்றால் போதாது. முதலில் வருபவர் முஸ்லிம். அவருடைய மணமும் மணவிலக்கும் 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டத்துக்கு உட்பட்டவை. அடுத்து வருபவர் தமிழர். அவருக்குப் பொதுச் சட்டம். யாழ்ப்பாணக் காணி வழக்கென்றால் தேசவழமையையும் புரட்ட வேண்டும். சட்டங்கள் பலவாய் இருப்பது குற்றமன்று. அவற்றின் இடுக்கில் பிறர் உரிமையைப் புதைப்பதே குற்றம்!

ரீட் வழக்கை அறியாதார் யார்? 1933இல் பொதுச் சட்டப்படி மணந்தவர், 1959இல் இஸ்லாத்தைத் தழுவினார். முதல் மணம் முறியாதிருக்கவே முஸ்லிம் சட்டப்படி மறுமணம் புரிந்தார். அது இருதார மணக் குற்றமாகாது என 1965இல் பிரிவிக் கவுன்சில் முடிவு கூறியது. முப்பத்திரண்டு ஆண்டுகள் அந்தக் கதவு திறந்தே கிடந்தது. 1997இல் அபேசுந்தர வழக்கில் நமது உயர் நீதிமன்றம் அதனை அடைத்தது. முதல் மனைவி பெற்ற உரிமையைக் கணவன் தன் மதமாற்றத்தால் மட்டும் அழித்துவிட முடியாது என்று தீர்ப்பளித்தது.

நண்பர்களே! இடைப்பட்ட காலத்தில் ஒருவன் வந்து வழி கேட்டிருந்தால் நாம் என்ன சொல்லியிருக்க வேண்டும்? சட்டம் இன்னதென்று சொல்வது கடமை. “பெயருக்குக் கலிமாச் சொல்லிவிட்டு வாரும்” என்பது கடமையா? ஈமானை வழக்குக் கட்டில் ஒரு காகிதமாக்கும் யோசனைக்குக் கூலி வாங்கலாமா? நீதிமன்றம் கதவை அடைக்கும்வரை மனச்சாட்சி காத்திருக்க வேண்டுமா?

காதியார் முன்னிலையில் கட்சிக்காரருக்காகத் தோன்றச் சட்டம் நமக்கு இடந்தரவில்லை. ஆயினும் வாசலுக்கு வெளியே நம் பேனா ஓடுகிறதே! கணவனின் வருமானத்தை மறைத்து நாம் எழுதிக் கொடுத்தால், கைக்குழந்தையோடு தனியே நிற்கும் பெண் எதைக் கொண்டு எதிர்ப்பாள்? உயர் நீதிமன்றம் 1988இல் ஆக்கிய நடத்தை விதிகள் அந்த வாசலோடு நின்றுவிடுவதில்லை.

வளைகுடாவில் உழைக்கும் பிள்ளையின் வழக்கும் நம் மேசைக்கு வருகிறது. அந்நாட்டுச் சட்டம் தெரியாவிடில், தெரியாதென்று சொல்லுங்கள். அங்குள்ள வழக்கறிஞரிடம் அனுப்புங்கள். அற்றோணித் தத்துவப் பத்திரம் எழுதினால், ஒப்பமிடுவதால் எதை இழக்கக்கூடும் என்பதை அவருக்கு விளங்கும் தமிழில் விளக்குங்கள்.

எந்தச் சட்டம் தன்னை ஆளும் என்பதை அறிவது கட்சிக்காரரின் உரிமை. அதை மறையாது சொல்வதே நம் தொழிலின் மானம். அந்த மானத்தைக் காப்போம்!